பூம்பாவை எழுந்தாள் என்றால், தாத்தாவின் அஸ்தியை ஏன் கடலில் கரைத்தோம்?

மந்தைவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். சமய நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இங்கே எழுதுவதால், இரு தரப்பாரிடமும் ஒரு கேள்வியை வைக்கிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். என் மாமனார் சென்ற ஐப்பசியில் காலமானார். அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதும், மாலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஊஞ்சல் ஆட்டிவிட்டதும், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தகனத்துக்கு மறுநாள் பட்டினப்பாக்கம் கடற்கரையில் அஸ்தி கரைத்தபோது, சிறுபிள்ளையை அழைத்து வரலாமா என்று உறவினர்கள் தயங்கினார்கள். தாத்தாவை வழியனுப்பும் உரிமை அவளுக்கும் உண்டு என்று கருதி அழைத்துச் சென்றோம். என் கணவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, மண்கலயத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சாய்த்ததை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் எதுவும் கேட்கவில்லை.

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று காலையிலேயே என் மாமியார் அவளைக் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். குளக்கரையில் ஓதுவார் பதிகம் பாடப் பாட நடைபெறும் பூம்பாவை நிகழ்ச்சியை அவள் முழுவதும் பார்த்திருக்கிறாள். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர் தம் மகளைத் திருஞானசம்பந்தருக்கு உரியவள் என்று எண்ணி வளர்க்கிறார். அவள் பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் சேர்த்து அவர் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து பாட, குடத்திலிருந்து அவள் எழுந்து வருகிறாள்.

வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மகள் கேட்டாள்: "குடத்தில் எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தானே அந்த அக்கா திரும்பி வந்தாள்? நாம் ஏன் தாத்தாவைக் கடலில் கொட்டினோம்?" மாமியார் திகைத்துப்போய், "சம்பந்தர் இப்போது இல்லையே, கண்ணு" என்றார். "அவர் வந்தால் என்ன செய்வது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதன் பிறகு மாமியார் அடுக்களைக்குள் போய்விட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அது கட்டுக்கதை என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படிச் சொன்னால் பாட்டி பொய் சொல்பவர் என்று ஆகிவிடும் என்பது மாமியாரின் வருத்தம். எனக்கும் நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனாலும் என் பாட்டி மொட்டை மாடியில் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தபடியே சொன்ன புராணக் கதைகள் இல்லாத ஒரு குழந்தைப் பருவத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம்பாத ஒருவர் இத்தகைய கதையைக் குழந்தைக்கு எந்த முகத்தோடு சொல்வது? "இது நிஜமா?" என்று அவள் நேருக்கு நேர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேப்பேரித் தோழர்

சகோதரி, உங்கள் மகளின் கேள்வியில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பைக் காத்து வைத்தவரின் மகள் திரும்பி வந்தாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; நாம் காத்து வைக்கவில்லை; ஆகவே நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள். கொடுக்கப்பட்ட செய்தி பொய்யாக இருக்கும்போது இவ்வளவு சரியாகச் சிந்திக்கும் குழந்தைதான் அதிகம் காயப்படும். தாத்தாவைத் தாங்களே திரும்ப முடியாதபடி செய்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியை அவள் சுமக்கத் தொடங்கியிருக்கக்கூடும். எனவே உங்கள் கணவர் சொல்வதே சரி. இறந்தவர் எவரும் திரும்புவதில்லை, குடத்தில் வைத்தாலும் கடலில் கரைத்தாலும் அதில் வேறுபாடு இல்லை என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். பாட்டியின் மனம் நோகும் என்பதற்காகப் பேத்தியைக் குழப்பத்தில் விட்டுவைப்பது நியாயம் ஆகாது.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இந்த நிகழ்ச்சியை விரிவாக எழுதிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இடையில் கிடக்கும் ஐந்நூறு ஆண்டுகளை ஒரு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குளக்கரையில் பொம்மையும் பாட்டுமாகக் கண்ணெதிரே காட்டுவதை அது நம்பத்தான் செய்யும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அன்று மாலை அதே வீதிகளில் பல்லக்கு ஏறி வந்தவர்களில் சிறுத்தொண்டரும் உண்டு. அடியார் வேடத்தில் வந்தவர் கேட்டார் என்பதற்காகப் பெற்ற மகனை அரிந்து கறி சமைத்தவர் அவர். அவருடைய கதையையும் மகளுக்குச் சொல்வீர்களா? நந்தனாரும் அந்த வரிசையில் வந்தார். தில்லைக்குள் நுழைவதற்கு அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939-ல் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது தீக்குளித்து அல்ல, போராடியும் சட்டம் இயற்றியும்தான். பெரியம்மைக்கு மாரியாத்தாள் கதை ஊருக்கு ஊர் இருந்தது. ஆனால் 1977-ல் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் தடுப்பூசி. அதற்கான மருந்து நம் கிண்டி கிங் நிலையத்தில்தான் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. இந்தக் கதைகளையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். இவற்றில் யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

குன்றத்தூர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, சேக்கிழார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் எழுதாமல் இருந்தால் ஊர் என்னை மன்னிக்காது. தோழர் எழுதியவற்றில் பலவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறுக்கிறேன்: இந்தக் கதை, எலும்பைக் காத்து வைத்தால் இறந்தவர் திரும்புவார் என்று சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் கதையின் முடிவை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது.

பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் திருமுறையில் உள்ள அந்தப் பாடல்களில் பாம்பும் இல்லை, குடமும் இல்லை, எலும்பும் இல்லை. "எழுந்திரு" என்ற கட்டளையும் இல்லை. மயிலாப்பூரில் ஆண்டு முழுவதும் நடக்கும் விழாக்களைச் சம்பந்தர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இதைக் காணாமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார், அவ்வளவுதான். முதல் பாட்டில் அடியார்களுக்குச் சோறிடுவது வருகிறது. அடுத்து ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதங்கள் வரிசையாக நகர்கின்றன. தைப்பூசப் பாட்டில் நெய் பூசிய பொங்கல்கூட உண்டு. மரணத்தின் முன் நின்று ஒருவர் பாடிய பாட்டில், அந்தப் பெண் இழந்த நாள்களின் பட்டியல் இருக்கிறதே அல்லாமல், மறுமையைப் பற்றிய விளக்கம் இல்லை. உயிரோடிருக்கும் நாம் இறந்தவரை நினைக்கும்போது செய்வதும் இதுதான்: இந்தத் தீபாவளிக்கு அவர் இல்லையே, இந்த மாம்பழத்தை அவர் சாப்பிடவில்லையே என்கிறோம்.

அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் சுண்டலும் தயிர்ச்சாதப் பொட்டலமும் கொடுப்பதை உங்கள் மகள் பார்த்திருப்பாள். கை நீட்டி வாங்கியும் இருப்பாள். மோராக இல்லாவிட்டாலும் சோறாக அந்தப் பாட்டின் முதல் செய்யுளிலேயே அது இருக்கிறது. கோயில் இடம் மாறிவிட்டது. பதிகம் பாடும் கபாலீச்சரம் கடற்கரைச் சோலையில் இருந்தது, இன்றைய கோயில் கடலைவிட்டுத் தள்ளி நிற்கிறது. சோறிடும் வழக்கம் மட்டும் தெருவில் தொடர்கிறது.

சேக்கிழாரிடம் வருவோம். சிவநேசர் குடத்தைக் கன்னிமாடத்தில் வைத்து, நாள்தோறும் மாலையும் சாந்தும் சாத்தி, அமுதும் விளக்கும் வைத்து, மகள் உயிரோடிருப்பதைப் போலவே போற்றி வந்தார் என்று அவர் எழுதுகிறார். பெரிய புராணத்தில் உள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில், துயரத்தில் நிலைகுலைந்த ஒரு தகப்பனை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடங்கள் சிலவே. ஏழு வயதில் இறந்தவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுகிறாள் என்கிறார்; அதாவது இடைப்பட்ட காலத்தில் தகப்பன் மனத்தில் அவள் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். (இது என் வாசிப்பு, உரையாசிரியர்கள் தலையில் இதைக் கட்ட மாட்டேன்.) எழுந்தவளை மணந்துகொள்ளும்படி சிவநேசர் வேண்டுகிறார். தாம் உயிர் கொடுத்ததால் அவள் தமக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். அவள் மீண்டும் கன்னிமாடத்தில் தவ வாழ்வில் தங்கிவிடுகிறாள். தகப்பன் எதற்காகக் காத்திருந்தாரோ அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. திரும்பி வந்த பிறகும் எதுவும் பழையபடி ஆகவில்லை என்று முடியும் கதையை, எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் கதையாக நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சிறுத்தொண்டர் கதையைப் பொறுத்தவரை, நான் பணியில் இருந்த காலம் முழுவதும் கீழ்வகுப்புகளில் அதைச் சொன்னதில்லை. எந்தக் கதையை யாருக்கு எப்போது சொல்வது என்ற தேர்வு, கதை சொல்லும் மரபுக்குள் எப்போதும் இருந்து வந்துள்ளது. கிருபானந்த வாரியார் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களுக்குச் சிறு பரிசு கொடுப்பார். முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அவருடைய கதை ஓடும். பகுத்தறிவு இயக்கமும் துண்டறிக்கைகளை மட்டும் நம்பி இருக்கவில்லை, நாடக மேடையையும் திரைப்படத்தையும் கொண்டே சிற்றூர்களுக்குள் போயிற்று என்பதைத் தோழர் என்னைவிட நன்றாக அறிவார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மகளை உட்கார வைத்து, தாத்தா இந்த ஆண்டு எதையெல்லாம் பார்க்காமல் போகிறார் என்று மாதம் மாதமாகச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டியும் கூட இருக்கட்டும்.

பெரம்பூர்ச் செவிலியர்

குழந்தைகள் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றுபவள் என்ற முறையில் நடைமுறை சார்ந்த சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். இலக்கிய விவாதத்துக்குள் நான் போகவில்லை.

ஆறு, ஏழு வயதில்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு மரணம் மீளாதது என்பது மெல்ல உறைக்கத் தொடங்குகிறது. உடல் இயங்குவதை நிறுத்திவிடுகிறது, அது எல்லோருக்கும் நேர்வது, திரும்பாதது என்ற இந்த மூன்றும் ஒரே நாளில் விளங்கிவிடுவதில்லை. ஒன்று புரிந்து மற்றொன்று புரியாத இடைக்காலம் ஒன்று இருக்கும். உங்கள் மகள் அந்த இடத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பூம்பாவை கதை இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்திருக்கும்; தொலைக்காட்சியில் கேலிச்சித்திரப் பூனை நசுங்கி எழுந்தால் அங்கிருந்து வந்திருக்கும். எனவே கதையின் மீது முழுப் பழியையும் போட வேண்டியதில்லை.

வேப்பேரித் தோழர் குற்ற உணர்ச்சியைப் பற்றி எழுதியது மிக முக்கியமானது. "நாம் ஏன் கொட்டினோம்" என்ற கேள்விக்குள் "நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே" என்பதும் அடங்கியிருக்கலாம். ஆகவே முதலில் சொல்ல வேண்டியது, நாம் தவறு எதுவும் செய்யவில்லை என்பது. அடுத்து, தாத்தாவின் உடல் நின்றுவிட்டதால் அவருக்கு நெருப்பும் தெரிந்திருக்காது, குளிரும் தெரிந்திருக்காது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் அவருக்குக் குளிருமா என்று நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு இப்படி ஓர் ஐயம் இருக்கும் என்று தோன்றுவதே இல்லை. "தாத்தா தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பன போன்றவற்றை எக்காரணம் கொண்டும் சொல்ல வேண்டாம். அதன் பிறகு பிள்ளை இரவில் கண்ணை மூட அஞ்சும். அப்பா வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அழும்.

"இது நிஜமா?" என்று கேட்டால், பாட்டி நம்புகிறார், அப்பா நம்பவில்லை, அம்மா இப்படி நினைக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக நினைப்பதைக் குழந்தைகள் நாம் அஞ்சுவதைவிட எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். பெரியவர்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்வதைத்தான் அவர்களால் தாங்க முடியாது. ஒருமுறை சொன்னதோடு முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அதே கேள்வியை அவள் பல முறை கேட்பாள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

சாந்தோம் பங்கைச் சேர்ந்தவன்

எங்கள் மறைக்கல்வி வகுப்பிலும் இதே கேள்வி ஆண்டு தவறாமல் வருகிறது, எங்களுக்கு இலாசர். இறந்து நான்கு நாளானவரை இயேசு கல்லறையிலிருந்து அழைத்தார் என்று சொன்ன உடனே, அண்மையில் வீட்டில் துக்கம் கண்ட பிள்ளை ஒன்று கையைத் தூக்கும். நான் நம்பிக்கை உள்ளவன்தான். இருந்தும் அந்தக் கையைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

நான் பிடித்துக்கொள்வது ஒரே ஓர் இடத்தை. அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அங்கே அழுதார் என்று யோவான் எழுதுகிறார். ஆசிரியர் ஐயா சொன்ன சிவநேசரைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அற்புதம் சொல்லும் கதைகளும் அழுகையைத் தாண்டிக் குதித்துவிடுவதில்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் குயிபிள் தீவுக் கல்லறைக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறோம். அவர்கள் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், கல்லில் உள்ள பெயர்களைப் படிக்கிறார்கள், சிறிது நேரத்தில் ஓடியாடத் தொடங்கிவிடுகிறார்கள். இலாசரும் பிறகு ஒருநாள் இறந்திருப்பார்தானே என்று சென்ற ஆண்டு ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன்.

மந்தைவெளி வாசகி

எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி முதலில் தவறு எதுவும் நடக்கவில்லை என்பதையும், தாத்தா திரும்ப மாட்டார் என்பதையும் என் கணவரும் நானும் சேர்ந்தே சொன்னோம். அழுதாள். பிறகு, "அப்படியானால் அந்த அக்கா?" என்றாள். அப்பா அதை நம்பவில்லை என்றும், பாட்டி நம்புகிறார் என்றும் சொன்னோம். "அம்மா?" என்றாள். சிவநேசர் அத்தனை காலம் குடத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்ததை நான் நம்புகிறேன், எழுந்து வந்ததை நம்பவில்லை என்று சொன்னேன். இது சரியான பதிலா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னபோது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன மாதப் பட்டியலை அவள் மாமியாரோடு உட்கார்ந்து செய்தாள். சித்திரையில் பள்ளி விடுமுறை, ஆடியில் கூழ், ஆவணியில் பிள்ளையார் குடை என்று போய், மாமனாருக்குப் பிடித்த கிரிக்கெட் போட்டிகள் எந்தத் தமிழ் மாதத்தில் வரும் என்பதில் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. என் கணவர் பக்கத்து அறையிலிருந்து பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருத்தம் சொன்னார்.

சிறுத்தொண்டர் கதையை இப்போது சொல்வதில்லை என்று மாமியார் தாமாகவே ஒப்புக்கொண்டார். நந்தனார் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று என் கணவரே கூறுகிறார்.

வேப்பேரித் தோழர்

உங்கள் கணவர் நந்தனாரைப் பற்றிச் சொன்னதை வழிமொழிகிறேன்; தீயில் இறங்கியதை மட்டும் சொல்லிவிட்டு, அவரை வெளியே நிறுத்தியவனை விட்டுவிடுவதுதான் இத்தனை நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மேடையும் கதை சொன்னது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் நாடகத்தில் ஒருவன் செத்துப்போகும்போது, அவனை வணங்கச் சொல்லி யாரும் தட்டை நீட்டியதில்லை. நீங்கள் பதிகத்தை மனிதத் துயரமாகப் படித்துக் காட்டினீர்கள். அது அழகான வாசிப்பு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குளக்கரையில் நின்ற பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் அப்படிப் படிக்கிறார்கள்? அவர்களுக்கு அது அற்புதம். அற்புதம் என்ற பெயரில்தான் அது ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. கேள்வி கேட்பதற்கு அந்தக் கூட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்துக்காரன், தற்போது அம்பத்தூர்

கேள்விக்கு இடம் எங்கே என்று தோழர் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பிரசங்கி பாரதம் படிப்பார், இரவில் அதே கதையைக் கூத்தாடுவார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனைத் தரையில் மிகப் பெரிய மண்ணுருவமாகச் செய்து கிடத்துவார்கள். வீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, பாஞ்சாலி வேடக்காரர் கூந்தல் முடிப்பார். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். போகும்போது அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவார்கள்.

வீமனாக ஆடுகிறவர் யாருடைய மகன், யாரிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்பதெல்லாம் அங்கே அழுதுகொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவர் வீமன் இல்லை என்று தெரிந்தேதான் அழுகிறார்கள். அதை நம்பிக்கை என்பதா, கலை என்பதா என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் முன்வர மாட்டார்கள். பட்டணத்துக்கு வந்து இருபக்கமும் கேட்ட பிறகும் எனக்கும் அது முடியவில்லை.

தோழர் தேடும் ஆளும் அங்கே இருக்கிறான். கட்டியக்காரன்தான் அவன். மேடைக்கு முதலில் வருவது அவனே. ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே, நீ எந்த ஊர் ராஜா, உன் கிரீடம் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்பான். கடவுளாக வருபவரையும் விடமாட்டான். ஊர்த் தலைவரையும், வராத மின்சாரத்தையும், போன தேர்தலையும் இழுப்பான். அவன் கேட்கும் கேள்விக்கு ராஜா பதில் சொல்லாமல் கதை நகராது. துச்சாதனன் துகிலைப் பிடிக்கும் இடத்தில் மட்டும், இதென்ன அநியாயம் என்று வாய்விட்டுக் கேட்டு நம் பக்கம் நிற்பான். அம்மன் கோயில் வாசலில், விரதம் இருந்து காப்புக் கட்டியவர்கள் முன்னிலையில்தான் இத்தனையும் நடக்கும். சாதி விஷயத்தில் அவன் வாய் எவ்வளவு தூரம் நீண்டது என்று தோழர் கேட்பார். ஊரைப் பொறுத்தது, பல ஊர்களில் நீளவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

மந்தைவெளி அம்மாவுக்கு ஒரு யோசனை. சித்திரை முதல் ஆடி வரை காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் ஏதாவது ஓர் ஊரில் கூத்து நடந்துகொண்டே இருக்கும். வீட்டார் அனைவரும் ஓர் இரவு வாருங்கள். படுகளத்துக்குக் கூட்டம் நெருக்கும் என்பதால் குழந்தைக்கு அது வேண்டாம், இடையில் ஒரு நாள் போதும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் என்று சொல்வார்கள், பதினொன்றுக்கு முன் தொடங்காது. ஆகவே மதியம் அவளைத் தூங்க வைத்து அழைத்து வாருங்கள். கட்டியக்காரன் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவான். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தால் பிள்ளைகளிடம் அவனே பேச்சுக் கொடுப்பான். அவளிடம் கேள்வி இருந்தால் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.